கடைசி வரி இல்லாத தீர்ப்பு

அத்தியாயம் ஆறு

மேசைமேல் கிடந்த காகிதத்தை லுல்வா நாலாம் தடவையாகப் படித்தாள். நாலு தடவையும் மனசுக்குள் ஒன்றும் அசையவில்லை. கோபம் வரவில்லை, ஆர்வமும் வரவில்லை. பக்கத்தில் இருந்த கரக் டீ ஆடை கட்டி ஆறிப் போயிருந்தது. அதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

இத்தா முடிந்து வேலைக்குத் திரும்பி இன்றோடு நாலு நாள். கணவன் போன பிறகு நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருந்தவள். வெளியே வந்து நாலு பேரைப் பார்த்தால் சரியாகிவிடும் என்றார்கள். வந்தாயிற்று. நாலு பேரையும் பார்த்தாயிற்று. உள்ளே இருந்ததுதான் வெளியேயும் இருந்தது. வெயில் மட்டும் அதிகம்.

பஹ்ரைனில் வட்டி வாங்காத வங்கிகளைக் கண்காணிக்கும் அலுவலகத்தில் அவள் விசாரணை அதிகாரி. உபைத் அவளுடைய உதவியாளன். முஹர்ரக் மீன் சந்தையில் பதினைந்து வருஷம் ஏலம் கூவியவன். குரல் போனதால் அரசாங்க வேலைக்கு வந்ததாக அவனே சொல்லிக்கொள்வான். குரல் போனதாக வேறு யாருக்கும் தெரியவில்லை.

நாளை வியாழன் காலை பத்து மணிக்கு இந்தக் கோப்பு அரசு வழக்கறிஞரிடம் போக வேண்டும். போனால் ஹனான் என்ற பெண் உள்ளே போவாள். முப்பத்தெட்டு வயது, கணவன் இல்லை, ஏழு வயதில் ஒரு மகள். நவ்கதா வங்கியின் மார்க்கக் குழுவுக்குப் பதினோரு வருஷமாகச் செயலாளர். குழுத் தலைவர் ஷேக் யாகூபின் கையெழுத்தைப் போலியாகப் போட்டாள் என்பது அவள்மேல் குற்றம்.

கதை இதுதான். வங்கி ஒரு துறைமுகக் கிடங்கு கட்டுவதற்காக சுகூக் பத்திரம் வெளியிட இருந்தது. பத்திரம் வாங்குகிறவர்கள் கிடங்கில் பங்குக்காரர்கள். லாபம் வந்தால் பங்கு, நட்டம் வந்தாலும் பங்கு. அப்படி இருந்தால்தான் அது மார்க்கத்துக்கு ஒத்தது என்று அறிஞர் ஒருவர் தீர்ப்பு எழுதித் தர வேண்டும். மேசைமேல் கிடந்தது அந்தத் தீர்ப்பு. ஆனால் அதில், நட்டமே வந்தாலும் வாங்கியவர்களின் முதல் பணத்தை வங்கி குறையாமல் திருப்பித் தரலாம் என்று இருந்தது. ஒரு பங்குக்காரன் இன்னொரு பங்குக்காரனின் முதலுக்கு ஜவாப் சொல்லக் கூடாது என்பது பல நாட்டு வங்கிகள் ஒப்புக்கொண்ட தரவிதி. சொன்னால் அது கூட்டு வியாபாரம் இல்லை, முக்காடு போட்ட வட்டி. கோலாலம்பூரில் பத்திரம் வாங்க இருந்தவர்கள் தீர்ப்பையும் தரவிதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, இது எப்படி என்று கேட்டார்கள். வங்கி உடனே கையை விரித்தது. தீர்ப்பு போலி, ஹனானின் வேலை என்றது.

வங்கி சொன்னதை ஊரே நம்பியது. காரணம், இருபது வருஷத்துக்கு முன்னால் அந்தத் தரவிதியை எழுதிய குழுவில் பேனா பிடித்தவரே ஷேக் யாகூப்தான். சட்டம் எழுதிய கையே சட்டத்தை மீறுமா?

ஹனானிடம் போன வாரம் விசாரித்த அதிகாரி, அவள் ஒரே வாக்கியம்தான் சொன்னாள் என்று குறிப்பு எழுதியிருந்தார். நான் போலி பண்ணவில்லை. அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

உபைத் காகிதத்தை வாங்கி, ஏலக் குரலைப் பாதியாகக் குறைத்து உரக்கப் படித்தான். முடிவுக்கு வந்ததும் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான்.

"உஸ்தாதா, வால் எங்க?"

"எந்த வால்?"

"ஷேக் யாகூப் எழுதினா கீழ ஒரு வரி இருக்குமே. 'அல்லாஹ்வே நன்கறிந்தவன்.' நான் ஒரு தடவை அவர்கிட்ட போய், பொறியில செத்துக் கிடந்த மீனைத் திங்கலாமான்னு கேட்டேன். 'தின்னுடா, அல்லாஹ்வே நன்கறிந்தவன்'னாரு. சாஃபி மீனுக்கே அந்த மரியாதை. கிடங்குக்குக் கிடையாதா?"

லுல்வா காகிதத்தைத் திரும்ப வாங்கினாள். உண்மைதான். இத்தாவில் இருந்தபோது பல் வலி தாங்காமல் அவளே அவருக்கு போன் செய்து, பகலில் மருத்துவரிடம் போகலாமா என்று கேட்டிருக்கிறாள். போகலாம் மகளே என்றார். அந்த வரியையும் சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தார். என் புத்திக்கு எட்டியது இவ்வளவு, முழு உண்மை அவனுக்குத்தான் தெரியும் என்று பொருள். அறுபது வருஷமாக அவர் அதைச் சொல்லாமல் எந்தக் கேள்விக்கும் பதில் தந்ததில்லை.

நாலு தடவை படித்தும் அவள் கண்ணில் அது படவில்லை. அதற்காக வெட்கப்பட வேண்டும் என்று தோன்றியது. வெட்கம் வரவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

நவ்கதா வங்கியின் பதினாலாம் மாடியில் ஊதுக்கட்டைப் புகையின் வாசனை மூக்கை அடைத்தது. தலைமை மேலாளர் வலீத் இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்து வரவேற்றார். முதலில் அவள் கணவனுக்காகக் கையேந்தி துஆ செய்தார். பிறகு பேரீச்சம்பழத்தை நகர்த்தி வைத்தார். அதற்கப்புறம் ஹனானைப் பற்றி வருத்தப்பட்டார். மூன்றையும் ஒரே முகத்தோடு செய்தார்.

கடைசி வரி இல்லாததைப் பற்றி லுல்வா கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. அதைத்தான் தாங்களும் முதலில் கவனித்ததாகச் சொன்னார். ஷேக் எழுதியிருந்தால் அந்த வரி இருந்திருக்கும். இல்லை என்பதால் இது போலி. இதைவிடச் சாட்சி என்ன வேண்டும் என்பது அவர் பேச்சின் சாரம்.

லுல்வா ஹனானின் மேசையைப் பார்க்க வேண்டும் என்றாள். பக்கத்து மேசைப் பெண் ஒருத்தி வந்து கணினியைத் திறந்து கொடுத்தாள். தீர்ப்புகளை அடிப்பதற்கென்று அதில் ஒரு படிவம் இருந்தது. திறந்தால் மேலே இறைவன் திருப்பெயர் தானாக வந்து நிற்கும். நடுவில் வெற்றிடம். கீழே 'அல்லாஹ்வே நன்கறிந்தவன்', அதற்குக் கீழே கையெழுத்துக்கான கோடு. லுல்வா கொண்டுவந்த காகிதத்தில் திருப்பெயர் இருந்தது, கோடு இருந்தது, வரிசை எண்கூட இருந்தது. அந்த ஒரு வரி மட்டும் இல்லை.

"அவசரத்துல விட்டிருப்பா" என்றார் வலீத்.

"இது விடற வரி இல்ல" என்றாள் லுல்வா. "தானா வர்ற வரி. வேணும்னு அழிச்சாதான் போகும்."

"பதினோரு வருஷம் மச்பூஸ் சோறு ஆக்கினவ உப்புப் போட மறக்கலாம்" என்றான் உபைத். "வெந்த சோத்துல இருந்து உப்பைப் பொறுக்கி எடுக்க மாட்டா, முதலாளி."

வலீத் சிரிக்கவில்லை. அவள் மனசில் என்ன ஓடியதோ யாருக்குத் தெரியும் என்றார். பிறகு வங்கியே நடத்திய உள்விசாரணையின் குறிப்பை எடுத்து, ஷேக்கின் வாக்குமூலமும் இதில் இருக்கிறது, படித்துப் பாருங்கள், சந்தேகமே வராது என்று கொடுத்தார். கொடுக்கும்போது பேரீச்சம்பழத்தை மறுபடி நகர்த்தினார். உபைத் இரண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

மின்தூக்கியில் இறங்கும்போது உபைத் கேட்டான். போலி பண்ணுகிறவன் அசல் மாதிரி இருக்க வேண்டும் என்றுதானே பாடுபடுவான். இருக்கிற வரியை ஏன் அழிப்பான்?

லுல்வாவுக்கும் அதுதான் புரியவில்லை. அழித்தால் போலி என்று தெரிந்துவிடும். தெரிய வேண்டும் என்றே அழித்தார்களா? அல்லது அழித்தவருக்குப் போலி, அசல் என்ற கவலையே இல்லையா?

"எனக்குத் தெரிஞ்சு ஒரு ஆள்தான் அதை அழிப்பான்" என்றான் உபைத்.

"யாரு?"

"அந்த வரியைப் பாத்துப் பயந்தவன்."

மின்தூக்கி தரைத்தளத்தில் நின்றது. கதவு திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. லுல்வா அதற்குப் பிறகுதான் வெளியே வந்தாள்.

முஹர்ரக் போகும் கடல்பாலத்தில் உபைத் வண்டியை ஓட்ட, அவள் விசாரணைக் குறிப்பைப் படித்தாள். இரண்டே பக்கம். ஷேக்கிடம் மூன்று கேள்விகள் கேட்டிருந்தார்கள். இது உங்கள் கையெழுத்தா? இந்தத் தீர்ப்பை நீங்கள் கொடுத்தீர்களா? வேறு யாராவது உங்கள் பெயரில் எழுதியிருக்கலாமா? மூன்றுக்கும் அவர் சொன்னது ஒரே பதில். கேட்டவர்களும் சலிக்காமல் மூன்று தடவை எழுதி வைத்திருந்தார்கள்.

'கடைசி வரி எழுதாமல் நான் எந்தத் தீர்ப்பும் கொடுத்ததில்லை.'

அவள் அதைப் படித்துக் காட்டினாள். உபைத் முன்னால் போன லாரியைத் தாண்டினான். பிறகு தன் அம்மாவைப் பற்றிச் சொன்னான். அவனுடைய மாமாவைத் தேடி யாராவது வேண்டாதவர் வந்தால், அம்மா அடுப்பங்கரைக்குப் போய் கோதுமை டப்பாவைத் திறப்பாளாம். உள்ளே எட்டிப் பார்த்து, 'இங்க இல்லையே' என்று சத்தமாகச் சொல்வாளாம். மாமா கட்டிலுக்கு அடியில் இருப்பார். அம்மா செத்துப்போகும்வரை பொய் சொன்னதில்லை என்று ஊரில் பெயர்.

லுல்வா குறிப்பை மறுபடி பார்த்தாள். இந்த ஊரில் படித்த மனிதர்களுக்குப் பொய் சொல்ல வராது. பொய்க்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்க வரும். என் கையெழுத்து இல்லை என்று ஷேக் எங்கேயும் சொல்லவில்லை. கடைசி வரி இல்லாமல் தீர்ப்புக் கொடுத்ததில்லை என்றார். அது உண்மை. இந்தக் காகிதத்தில் அந்த வரி இல்லை. ஆகவே அவர் கணக்கில் இது தீர்ப்பே இல்லை. வெறும் காகிதம். வெறும் காகிதத்தில் யார் கையெழுத்துப் போட்டார் என்பதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

"டப்பாவுக்குள்ள இல்லை" என்றாள் லுல்வா.

"கட்டிலைத் தூக்கிப் பாக்கணும்" என்றான் உபைத். "எண்பத்தோரு வயசு மனுஷன், உஸ்தாதா. சுத்தி வளைச்சுக் கேட்டா சுத்தி வளைச்சுப் பதில் வரும். ஜன்னலும் கதவும் இல்லாத கேள்வியாக் கேளுங்க."

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து ஷேக் யாகூப் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். உள் அறையில் இருந்து பிராணவாயு இயந்திரத்தின் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. அவர் மனைவி ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுப் போன வாரம்தான் வீட்டுக்கு வந்திருந்தார். வீட்டில் வேறு ஆள் இல்லை. அவரே காபிக் கெண்டியை எடுத்து, லுல்வாவின் குவளையில் இரண்டு மடக்கு ஊற்றினார், உபைதுக்கும் ஊற்றினார்.

லுல்வா குவளையை வாங்கி, வாயில் வைக்காமல், தரையில் வைத்தாள்.

உபைத் தன் குவளையையும் மெதுவாக இறக்கினான். ஷேக் இரண்டு குவளைகளையும் பார்த்தார். விருந்தாளி காபியைக் கீழே வைத்தால் கேட்க ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். கேட்டதைத் தருகிறேன் என்று வீட்டுக்காரர் சொல்லும்வரை விருந்தாளி குடிக்க மாட்டார். குடிக்காமல் எழுந்து போனால் அந்த வீட்டுக்கு அதைவிடக் கேவலம் கிடையாது. பாலைவனத்துக் கிழவர்களின் வழக்கம். பதினாலாம் மாடிகள் வந்த பிறகு யாரும் செய்வதில்லை.

"குடி மகளே."

"நான் கேட்டது கிடைச்சா குடிக்கிறேன், ஷேக்."

உள்ளே இயந்திரம் மூச்சு விட்டது. அவர் தாடியைத் தடவினார். என்ன கேட்கப் போகிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்று லுல்வாவுக்குத் தெரிந்தது.

"கேளு. தர்றேன்."

அவள் காகிதத்தை அவர் முன்னால் விரித்தாள். "தீர்ப்பைப் பத்திக் கேக்கலை. இதுக்குப் பேர் என்னன்னும் கேக்கலை. இந்த இடத்துல இருக்கற இந்த மையைப் போட்டது உங்க வலது கையா? ஆமா, இல்ல. ரெண்டுல ஒண்ணு மட்டும் குடுங்க."

அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தார்.

"ஆமா."



பிறகு அவர் தானாகவே சொன்னார். மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து வலீத் தினமும் வந்தாராம். நடைபாதை நாற்காலியில் பக்கத்தில் உட்கார்ந்து, முதலுக்கு உத்தரவாதம் இல்லாமல் யாரும் இந்தப் பத்திரத்தை வாங்க மாட்டார்கள், கிடங்கு நின்றுபோகும், வங்கி கவிழும் என்பாராம். ஏழு நாள் ஷேக் முடியாது என்று சொல்லி அனுப்பினாராம். எட்டாம் நாள் மருத்துவர் வந்து, இனி எங்கள் கையில் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாற்காலியில் வலீத் பேனாவோடு இருந்தார்.

"எனக்கு ஒண்ணுமே தோணலை மகளே. சரின்னும் தோணலை, தப்புன்னும் தோணலை. ரொம்ப நேரம் மடிச்சு உக்காந்தா கால் மரத்துப் போகுமே, அப்படி. கிள்ளினாலும் தெரியாது. செயலாளருக்கு போன் போட்டு அடிக்கச் சொன்னேன். வந்துது. போட்டுட்டேன்."

லுல்வா தலையசைத்தாள். இந்த வாரத்தில் அவளிடம் யாரோ சொன்னவற்றில் அவளுக்கு முழுசாகப் புரிந்தது இது ஒன்றுதான்.

"அந்த வரி?"

"அது மட்டும் முடியலை. அல்லாஹ் பேரைச் சாட்சியா அதுக்குக் கீழ வைக்க முடியலை. மரத்துப் போனதுலயும் அவ்வளவு தெரிஞ்சுது."

போலி என்று வங்கி சொன்னபோது, காகிதம் செத்தது, யாருக்கும் நட்டமில்லை என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டதாகச் சொன்னார். ஆஸ்பத்திரியை விட்டு நகராததால் ஊர்ப் பேச்சு அவர் காதுக்கு வரவில்லை; ஹனான் எங்கே என்று மட்டும் கேட்டாராம். விடுப்பில் இருக்கிறாள் என்றாராம் வலீத்.

"அவ விடுப்புல இல்ல" என்றாள் லுல்வா. "ஒன்பது நாளா வீட்டுல அடைஞ்சு கிடக்கா. பாஸ்போர்ட்டை வாங்கி வெச்சிருக்கோம். நாளைக்குப் பத்து மணிக்கு அவ மேல கேஸ்."

கிழவரின் முகத்தில் எதுவும் மாறவில்லை. கெண்டியைத் தரையில் வைக்கப் போனவர் கை தவறியது. காபி பாயில் ஓடியது. யாரும் துடைக்கவில்லை.

"வேற யார்கிட்டயாவது கேட்டீங்களா, அவளுக்கு என்ன ஆச்சுன்னு?"

"கேக்கலை."

அவர் காகிதம் கேட்டு வாங்கி நாலு வரி எழுதினார். கையெழுத்து என்னுடையது, ஆஸ்பத்திரியில் போட்டேன், வலீத் பக்கத்தில் இருந்தார், ஹனான் நான் சொன்னதை அடித்தாள். எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். உபைத் வாங்கிப் பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில், கடைசி வரி இல்லையே என்றான்.

"அது என் அபிப்பிராயத்துக்குப் போடற வரிடா" என்றார் ஷேக். "இது நடந்தது. இதுல எனக்குச் சந்தேகம் இல்ல."

லுல்வா குவளையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். ஆறிப்போய்க் கசந்தது. குடித்தாயிற்று என்பதற்குக் குவளையை லேசாக ஆட்டி அவர் கையில் கொடுத்தாள். வாசல்வரை அவர் வரவில்லை. உள் அறைக்குப் போனார்.

ஹனானின் வீடு அராத் பகுதியில், இரண்டு சந்து தள்ளி. போனில் சொல்லிவிடலாம் என்றான் உபைத். நேரில் சொல்ல வேண்டும் என்றாள் லுல்வா. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. உபைத் வண்டியை அணைக்காமல் வாசலில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, சட்டைப் பையிலிருந்த பேரீச்சம்பழத்தைத் தின்றான். இரண்டு நிமிஷ வேலை.

ஹனான் கதவைத் திறந்தாள். ஒல்லியான பெண். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. உள்ளே வாருங்கள் என்றாள். லுல்வா வாசலிலேயே நின்று விஷயத்தைச் சொன்னாள். நாளை பத்து மணிக்கு உன் பெயரில் கோப்பு போகாது. வேறு கோப்பு போகும், அதில் இரண்டு பேர் பெயர் இருக்கும். பாஸ்போர்ட் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும்.

ஹனான் அழவில்லை, நன்றி சொல்லவில்லை. கதவுப் பிடியைப் பிடித்தபடி நின்றாள்.

"உனக்குத் தெரியும்தானே?" என்றாள் லுல்வா. "அவர்தான் போட்டார்னு. ஏன் சொல்லலை?"

"போன்ல அவர் சொல்லச் சொல்ல அடிச்சேன். முடிஞ்சதும், 'கடைசி வரி அப்படியே இருக்கட்டுமா'ன்னு கேட்டேன். 'வேணாம் மகளே, எடுத்துடு'ன்னார். அப்பவே புரிஞ்சுது. அவரே வந்து சொல்வார்னு இருந்தேன். நான் சொன்னா அவரைக் காட்டிக் குடுத்த மாதிரி. அவர் சொன்னா அது அவர்." முகத்தை நிமிர்த்தினாள். "அவராச் சொன்னாரா, உஸ்தாதா? இல்ல, நீங்க கேட்டு வாங்கினீங்களா?"

இதமான பதில் ஒன்று லுல்வாவின் நாக்கில் வந்து நின்றது. அவர் கையாலேயே எழுதிக் கொடுத்தார் என்று சொல்லலாம். அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. அந்த மாதிரி உண்மைகளை அவள் இன்றைக்குப் போதுமான அளவு பார்த்துவிட்டாள்.

"கேட்டேன். கேட்டப்பறம்தான் சொன்னார்."

ஹனான் தலையை ஆட்டினாள். சந்தில் யாரோ மீன் பொரிக்கும் வாசனை வந்தது. அவள் கதவுப் பிடியை விட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"அப்ப நீங்க கேக்காமலே நான் ஒண்ணு சொல்லிடறேன்."

"என்ன?"

"இது ரெண்டாவது."

லுல்வாவுக்கு விளங்கவில்லை. ஹனான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு குத்தகை சுகூக் பத்திரம். அந்த வாரம் அவள் பிரசவத்துக்குப் போன தங்கையோடு இருந்தாள். வேறு ஒருத்தி படிவத்தைத் திறக்காமல் வெற்றுத் தாளில் அடித்து ஷேக்கிடம் கையெழுத்து வாங்கியிருந்தாள். திரும்பி வந்து ஹனான் பார்த்தபோது கடைசி வரி இல்லை.

"அடிச்சவ விட்டுட்டா, அவரும் கவனிக்காமப் போட்டுட்டாருன்னு நெனச்சேன். வெளிநாட்டுக்குப் போற காகிதம். அவருக்கு ஒரு சொல் வரக் கூடாதுன்னு, தாளைத் திரும்ப பிரிண்டர்ல குடுத்து, கையெழுத்துக்கு மேல அந்த வரியைச் சேத்துட்டேன். யார்கிட்டயும் சொல்லலை. பெருமையாக் கூட இருந்துது." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "போன மாசம் அவர் 'எடுத்துடு'ன்னப்பதான் தெரிஞ்சுது. மூணு வருஷத்துக்கு முன்னாடி அவர் மறக்கலை. வைக்க மாட்டேன்னு விட்டதை நான் வெச்சிருக்கேன்."

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி இல்லை, இயந்திரம் இல்லை. ஷேக்கின் மனைவி அப்போது நன்றாகத்தான் இருந்தார். லுல்வா மனசுக்குள் அதை மட்டும் எண்ணிப் பார்த்தாள்.

"அந்தப் பத்திரம் இப்ப எங்க?"

"ஓடிக்கிட்டிருக்கு. நாலு நாட்டுல வாங்கியிருக்காங்க. அந்த வரியைப் பாத்துத்தான் வாங்கியிருப்பாங்க."

லுல்வா வண்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். உபைத் எல்லாவற்றையும் கேட்டிருந்தான். பேரீச்சங்கொட்டையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"ஹனான், இதை நான் உன்கிட்ட கேக்கலை" என்றாள் லுல்வா. "நான் வந்த வேலை முடிஞ்சுது. இப்ப நான் வண்டியில ஏறினா போயிடுவேன்."

"தெரியும்."

"இது நெஜமான போலி. இதுக்கு உள்ள போகணும்."

"தெரியும், உஸ்தாதா."

லுல்வா படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கைப்பையைத் திறந்து குறிப்பேட்டை எடுத்து, புதுப் பக்கம் திருப்பி, தேதி போட்டாள்.

"எந்த மாசம்?" என்றாள்.

வாசலில் உபைத் வண்டியை அணைத்தான்.